பக்கத்து வயலில் அடித்த மருந்து

திராட்சைக் கொடியின் நல்ல இலை, உள்ளங்கையை விரித்து வைத்ததுபோல இருக்கும். காம்பு வந்து சேரும் இடத்திலிருந்து ஐந்து பெரிய நரம்புகள் விரல்களாகப் பிரியும். அவற்றுக்கு நடுவே சிறு நரம்புகள் வலையாகப் பின்னியிருக்கும். ஓரத்துப் பற்கள் மழுங்கலாக இருக்கும். களைக்கொல்லியின் சாரல் பட்ட கொடியில் அதற்குப் பிறகு விரிகிற இலையைப் பறித்துப் பாருங்கள். பாதி மடக்கிய கைவிசிறிபோல இருக்கும். நரம்புகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இணையாக ஓடும். இடையில் வளர வேண்டிய பச்சைத் தசை வளராமலே நின்றிருக்கும். ஓரத்துப் பற்கள் முள்ளாக நீண்டிருக்கும். தளிரின் நுனி கொக்கிபோலக் கீழே வளைந்திருக்கும். பார்த்தவுடன் கொடிக்காரர் வைரஸ் என்றுதான் நினைப்பார். திராட்சையில் விசிறி இலை நோய் என்றே ஒரு வைரஸ் நோய் உண்டு. அதன் முகமும் கிட்டத்தட்ட இதேதான். இல்லையென்றால் துத்தநாகச் சத்துக் குறைவோ என்று சந்தேகப்பட்டு நுண்ணூட்டம் வாங்கி அடிப்பார். தன் தோட்டத்துக்குள்ளேயே காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார். காரணம் அங்கே இருக்காது. அந்த மருந்தை அவர் கடையில் வாங்கியதே இல்லை.

பூச்சி விழுந்தால் மருந்து உண்டு. சாம்பல் நோய்க்கும் மருந்து உண்டு. ஆனால் களைக்கொல்லி பட்ட கொடிக்கு மாற்று மருந்து எதுவும் கிடையாது. இலைக்குள் இறங்கிவிட்ட ரசாயனத்தை எந்தத் தண்ணீராலும் கழுவி எடுக்க முடியாது. தண்ணீர் பாய்ச்சி, சுமையைக் குறைக்கக் கொஞ்சம் குலைகளைக் கிள்ளிவிட்டு, கொடி தானாகத் தேறி வரும்வரை காத்திருப்பது ஒன்றே வழி. ஆகவே காப்பு என்று ஒன்று இருந்தால், அது மருந்து டேங்கில் ஊற்றப்படும் முன்பே நடந்தாக வேண்டும். அந்தக் காப்பின் பெரும்பங்கு கொடிக்காரர் கையில் இல்லை, தெளிப்பானைத் தோளில் மாட்டுகிறவர் கையில் இருக்கிறது என்பதும், ஒரு கவாத்திலிருந்து அடுத்த கவாத்துவரை அதற்கு விடுமுறை கிடையாது என்பதும்தான் இங்கே என் வாதம்.

களைக்கொல்லிகளில் திராட்சைக்கு முதல் எதிரி 2,4-டி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கண்டறியப்பட்டு, 1940களின் நடுவில் விற்பனைக்கு வந்தது. செடிகளுக்கு ஆக்சின் என்று ஒரு வளர்ச்சி ஊக்கி உண்டு. எந்தப் பக்கம் வளைவது, எந்த உயிரணு நீள்வது என்பதையெல்லாம் மிக நுண்ணிய அளவில் அது தீர்மானிக்கிறது. 2,4-டி இந்த ஆக்சினின் வேடத்தில் செடிக்குள் நுழைகிறது. செடியால் அதை அடக்க முடிவதில்லை. கட்டளை மேல் கட்டளையாக வந்து, தண்டு முறுக்கிக்கொண்டு, வளர்ச்சியே நோயாகிச் செடி சாகிறது. நெல், கோதுமை, மக்காச்சோளம், கரும்பு போன்ற புல்லினப் பயிர்கள் இதை ஓரளவு உடைத்துச் செரித்துவிடும். அகன்ற இலைச் செடிகளால் முடியாது. நெல் வயலில் களை மடிந்து நெல் நிற்பதன் ரகசியம் இதுதான். டைகாம்பா என்ற இன்னொரு களைக்கொல்லியும் இதே குணமுடையது. அது பட்ட இலை கிண்ணம்போல உள்ளே குவியும். திராட்சை அகன்ற இலைக் கொடி மட்டுமில்லை, அந்த வகையிலேயே மிக மென்மையானவற்றுள் ஒன்று. வயலில் களைக்கு அடிக்கும் அளவில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பட்டாலே இலையில் தெரிந்துவிடும். இது புதிதாகத் தெரிய வந்த செய்தியும் இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் திராட்சை ஆராய்ச்சியாளர் வால்டர் குளோர், கன்கார்டு என்ற ரகம் 2,4-டிக்கு எவ்வளவு எளிதில் ஆட்படுகிறது என்பதை 1953-இலேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டார். அந்த மாநிலம் பின்னாளில் எளிதில் ஆவியாகும் 2,4-டி வகைகளுக்குப் பகுதிவாரியாகவும் பருவவாரியாகவும் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

தெரிந்த ஆபத்து பெரிதாகி வெடித்த இடம் டெக்சாஸ். அந்த மாநிலத்தின் வடமேற்கில், லபக் நகரைச் சுற்றி, கடல்மட்டத்துக்கு மேல் மூவாயிரம் அடிக்கும் கூடுதலான உயரத்தில் ஒரு பெரிய சமவெளி இருக்கிறது. ஹை பிளெயின்ஸ் என்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தி. 1970களிலிருந்து அதன் நடுவே திராட்சைத் தோட்டங்கள் முளைத்தன. வறண்ட காற்றும் குளிர்ந்த இரவும் திராட்சைக்கு உகந்தவையாக இருந்ததால், டெக்சாஸ் ஒயினுக்கு வேண்டிய பழத்தில் பெரும்பகுதி இன்று அங்கிருந்துதான் போகிறது. பருத்தியும் அகன்ற இலைச் செடிதான். அதனால் பருத்தி வளரும் மாதங்களில் பருத்திக்காரர் யாரும் 2,4-டியையோ டைகாம்பாவையோ வயலின் மேல் அடிக்கத் துணிந்ததில்லை. தன் பயிரே முதலில் போய்விடும். திராட்சைக்கு அந்த ஊரில் கிடைத்த பெரிய காப்பு, பக்கத்து வயலில் நின்ற பருத்தியின் மென்மைதான். மரபணு மாற்றி, டைகாம்பாவைத் தாங்கும்படி செய்த பருத்தி விதை 2015-இல் விற்பனைக்கு வந்தபோது அந்தக் காப்பு கழன்றது. 2,4-டியைத் தாங்கும் பருத்தியும் அடுத்து வந்தது. அதன்பின் கோடை நடுவே, கொடி தளிர்த்துப் பூத்துக் காய்க்கும் மாதங்களில், ஆயிரக்கணக்கான ஏக்கரில் இந்த மருந்துகளை அடிக்க வழி திறந்தது.

இப்படி ஒரு விதை ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு முன் பருத்தி வயல்களில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி ஒன்றையே ஆண்டுக்கணக்கில் அடித்து வந்தார்கள். அதற்கு அசையாத களைகள் தலையெடுத்தன. அவற்றில் மிகவும் தொல்லை தந்தது பால்மர் அமராந்த். நம் தண்டுக்கீரையின் நெருங்கிய உறவு அது. ஆள் உயரத்துக்கு மேல் வளரும், ஒரு செடியே லட்சக்கணக்கில் விதை உதிர்க்கும். கிளைபோசேட் கைவிட்ட வயலில் பருத்திக்காரர் என்ன செய்வார்? கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார். அவரைக் குற்றவாளியாக்குவது என் நோக்கம் இல்லை. லபக் பகுதியில் பருத்தியும் திராட்சையும் இரண்டையுமே வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. ஒரே வீட்டின் ஒரு கை மருந்தடிக்க, மறு கை அதன் கணக்கைச் சுமக்கிற நிலை அது. 2021-இல் ஹை பிளெயின்ஸ் திராட்சை விவசாயிகள் 57 பேர் விதை, மருந்து நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தார்கள். விளைச்சல் சரிந்தது, கொடிகளே மடிந்தன என்பது அவர்கள் புகார். இழப்புக்கு வேறு காரணங்கள் இருக்கலாம் என்பது நிறுவனங்களின் பதில். இதற்கிடையே டைகாம்பாவுக்குத் தந்த அனுமதியை 2020 ஜூன் மாதம் ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. சில மாதங்களில் மறுபடி அனுமதி வந்தது. 2024 பிப்ரவரியில் அரிசோனாவில் இன்னொரு கூட்டாட்சி நீதிமன்றம் அதையும் நீக்கியது. ஒரு மருந்தை நான்கு ஆண்டுக்குள் இரண்டு முறை நீதிமன்றம் தடுத்து நிறுத்த நேர்ந்தது என்றால், மருந்து டப்பாவில் ஒட்டிய சீட்டில் எழுதியபடி பார்த்து அடித்தால் போதும் என்ற நம்பிக்கையில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

அந்த ஓட்டை காற்றில் இருக்கிறது. தெளிப்பானின் நாசிலிலிருந்து வரும் துளிகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. நானூறு மைக்ரான் துளி, அதாவது ஒரு மில்லிமீட்டரில் பாதிக்குச் சற்றுக் குறைவான துளி, பத்தடி உயரத்திலிருந்து இரண்டு நொடியில் தரைக்கு வந்துவிடும். நூறு மைக்ரான் துளிக்குப் பத்து நொடி வேண்டும். இருபது மைக்ரான் துளிக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அந்த நான்கு நிமிடத்தில் துளி அரை கிலோமீட்டரைத் தாண்டிப் போயிருக்கும். பத்தடி என்பது இன்று நம் வயல்களுக்கு மேல் டிரோன் பறக்கிற உயரம் என்பதை நினைவில் வையுங்கள். இது துளியின் கதை. ஆவியின் கதை வேறு. 2,4-டியில் எஸ்டர் வகை, வெயிலில் இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஆவியாக எழுந்து, அடித்து முடித்து வீடு போய்ச் சேர்ந்த பிறகும் நகர்ந்துகொண்டிருக்கும். அடித்தபோது காற்றே இல்லை என்று அடித்தவர் சத்தியம் செய்யலாம். அதுவும் உண்மையாகவே இருக்கும்.

காற்றில்லாத வேளைதான் நல்லது என்ற எண்ணத்தையும் இங்கே திருத்தியாக வேண்டும். போகியன்று விடியற்காலையில் சென்னையில் எரிக்கும் பழைய பாயின் புகை மேலே போகாமல் தெருவோடு தெருவாகப் படுத்துக் கிடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். விமானங்கள் இறங்க முடியாமல் தவிக்கும் நாள் அது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கீழேயும், வெதுவெதுப்பான காற்று மூடிபோல மேலேயும் நிற்பதால் புகைக்குப் போக வழியில்லை. தெளிந்த வானம் உள்ள இரவுகளிலும் விடியலுக்கு முன்பும் வயல்வெளியில் இதே மூடி விழும். அப்போது அடித்த நுண்துளிகள் கலைந்து போகாமல் ஒரு மெல்லிய போர்வையாக மிதந்து, பள்ளம் இருக்கிற பக்கம் மெதுவாக வழிந்து போகும். அசைவே இல்லாத விடியலைவிட, வெயில் ஏறிய பிறகு ஒரே திசையில் மென்மையாக வீசும் காற்று, கொடி இல்லாத பக்கம் போகுமானால், பாதுகாப்பானது. பூச்சி மருந்துக்குப் பழகிய கைக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

எந்த மாதத்தில் கவனமாக இருந்தால் போதும் என்று கேட்பவர்கள் உண்டு. பூவுக்கு முந்திய நாள்களும் பூ நாள்களும்தான் மிகக் கொடியவை. அதில் கருத்து வேறுபாடு இல்லை. அப்போது பட்டால் பூ உதிரும், பிடித்த காயும் குலைக்குள் ஒன்று பெரிதும் ஒன்பது கடுகுமாக நிற்கும். ஆனால் பூ முடிந்ததும் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. காய் பருக்கும்போது இலை சுருங்கினால் சர்க்கரை செய்யும் அடுப்பே சிறுத்துவிட்டது என்று பொருள். பழுப்பது தள்ளிப்போகும், ஒரே குலையில் கறுப்பும் பச்சையும் கலந்து நிற்கும். அறுவடைக்குப் பின்னும் அதே கதைதான். அந்த இலைகள் அப்போது வேருக்கும் தண்டுக்கும் உணவு சேர்த்து வைக்கின்றன. அந்த நேரத்தில் கிளைபோசேட் பட்டால் கொடி அதையும் உணவோடு சேர்த்து வேருக்கு அனுப்பிவிடும். உடனே ஒன்றும் தெரியாது. அடுத்த தளிர்ப்பில்தான், கணு நெருங்கி, இலை வெளிறி அம்புமுனையாகக் கூம்பி, ஒரே மொட்டிலிருந்து துடைப்பம்போலக் குருத்துகள் கிளம்பும். மாதங்களுக்கு முன் அடித்த மருந்தை அப்போது யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

கொடி தேறிவிடும் என்பது மருந்து விற்பவர்களும் அடிப்பவர்களும் அடிக்கடி சொல்லும் சமாதானம். ஒரு முறை லேசாகப் பட்ட முதிர்ந்த கொடி தேறும் என்பது உண்மைதான். ஆனால் திராட்சையில் ஒரு நுட்பம் இருக்கிறது. அடுத்த பருவம் காய்க்கப் போகும் குலையின் கரு, இந்தப் பருவத்துத் தளிரின் மொட்டுக்குள், பெரும்பாலும் பூ விடும் வேளையை ஒட்டியே உருவாகிவிடுகிறது. ஆகவே இன்று முறுக்கிய தளிர், இன்றைய பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. நெல்லில் சேதம் வந்தால் அறுவடையோடு கணக்கு முடிந்துவிடும். அடுத்த போகத்துக்குப் புது நாற்று. பதினைந்து இருபது ஆண்டு நிற்க வேண்டிய கொடியில் கணக்கு முடிவதில்லை, அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகிறது. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுவந்தால் தண்டிலும் வேரிலும் சேமிப்பு கரைந்து, ஒரு கடும் குளிரிலோ வறட்சியிலோ கொடி விழும். விழுந்த நாளில் பழி குளிர்மேல் போகும்.

கொடிக்காரர் பக்கத்திலும் பிழை இருக்கிறது. அதை மறைத்து அண்டை வீட்டைக் குறை சொல்வது நியாயமாகாது. திராட்சைத் தோட்டத்தில் வரும் களைக்கொல்லிச் சேதத்தில் ஒரு பங்கு, சொந்தத் தெளிப்பானிலிருந்தே வருகிறது. மக்காச்சோளத்துக்கோ கரும்புக்கோ 2,4-டி அடித்த அதே டேங்கில், ஒரு முறை அலசிவிட்டு, சாம்பல் நோய்க்கு மருந்து கலந்து பந்தலுக்கு அடிப்பார்கள். ரப்பர் குழாயிலும் வாஷரிலும் 2,4-டி ஒட்டிக்கொண்டு நிற்கும். வெறும் தண்ணீருக்கு அது முழுக்க இறங்காது. அம்மோனியா கலந்த நீரை நிரப்பி ஊறவைத்து, நாசிலையும் வடிகட்டியையும் கழற்றிக் கழுவி, பல முறை அலச வேண்டும் என்று வேளாண் கல்லூரிகள் சொல்கின்றன. அதைவிட எளிய வழி, களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்து, அதன்மேல் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டுவிடுவது. இன்னொன்று, பந்தலுக்குக் கீழே அடிக்கும் கிளைபோசேட். பழைய கொடியின் காய்ந்த பட்டை அதை உள்ளே விடாது. இளங்கொடியின் பச்சைத் தண்டும், அடியில் முளைத்த பக்கக் குருத்தும் வாய் திறந்து குடிக்கும். குருத்தை முதலில் கிள்ளிவிட்டு, இளங்கொடிக்கு உறை மாட்டிய பிறகுதான் அந்தப் பக்கம் தெளிப்பான் போக வேண்டும். முதல் இரண்டு மூன்று ஆண்டு கைக்களையே நல்லது. இந்தியாவில் கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் வழியாக மட்டுமே அடிக்கலாம் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது என்பதையும் கொடிக்காரர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

இனி எதிர்வாதங்கள். களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை, களைக்கொல்லி இல்லாமல் விவசாயம் ஓடாது என்பது முதல் வாதம். இது உண்மை. நான் கேட்பது களைக்கொல்லியை ஒழிக்கச் சொல்லி இல்லை. ஒரே மருந்தின் எஸ்டர் வகைக்குப் பதில் உப்பு வகையை வாங்கலாம். 2,4-டி நம் கடைகளில் சோடியம் உப்பாகவும், அமைன் உப்பாகவும், எத்தில் எஸ்டராகவும் மூன்று விதமாகக் கிடைக்கிறது, சீட்டில் பெயர் இருக்கும். பூச்சி மருந்துக்கான கூம்பு நாசிலைக் கழற்றிவிட்டு, பெரிய துளி தரும் விசிறி நாசிலைப் போடலாம். அழுத்தத்தைக் குறைத்து, நாசிலைத் தரைக்குப் பக்கத்தில் பிடிக்கலாம். இவை எதற்கும் கூடுதல் ஆள் வேண்டாம். இரண்டாம் வாதம், நெல்லும் பருத்தியும் முன்பே இருந்தவை, பின்னால் வந்த திராட்சைக்காரர்தான் ஒதுங்க வேண்டும் என்பது. நிலத்தில் முன்னே வந்தவருக்குத் தன் பயிரைச் செய்ய உரிமை உண்டு. தன் வரப்பைத் தாண்டி மருந்தை அனுப்பும் உரிமை எந்தப் பயிருக்கும் கிடையாது. டெக்சாஸில் பருத்தி முன்னே வந்தது. ஆனால் டைகாம்பாவைத் தாங்கும் பருத்தி, திராட்சைக்கு நாற்பது ஆண்டு பின்னால் வந்தது. மூன்றாம் வாதம், வரப்பில் சவுக்கோ மூங்கிலோ நட்டு வேலி போட்டுக்கொள்ளலாமே என்பது. போடலாம், கொஞ்சம் துளியைத் தடுக்கும். ஆவியைத் தடுக்காது. இடி தாங்கி வைத்த வீட்டுக்கு வெள்ளம் வராது என்று சொல்வது போலத்தான் அது.

தெளிக்கிறவர்மேல் பொறுப்பை வைப்பது நடக்கிற காரியமா என்று கேட்டால், ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். அங்கே கோடை மாதங்களில் 2,4-டி மிதந்துபோய்ப் பருத்தியையும் திராட்சையையும் கெடுப்பதாகப் புகார் பெருகியது. 2018 அக்டோபரில் அந்நாட்டு மருந்து ஒழுங்காணையம் பழைய சீட்டுகளை நிறுத்திவைத்து, புது விதி தந்தது. பெரிய துளி தரும் நாசில் கட்டாயம். காற்று போகும் பக்கம் குறிப்பிட்ட தூரம் அடிக்காமல் விட வேண்டும். இரவில் தரையோடு மூடி விழும் வேளையில் அடிக்கக் கூடாது. எப்போது, எங்கே, எந்தக் காற்றில் அடித்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். மருந்தை யாரும் பறிக்கவில்லை. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் 2008-இல் டிரிஃப்ட்வாட்ச் என்று ஒரு வரைபடத்தைத் தொடங்கியது. திராட்சை, தக்காளி, தேனீப் பெட்டி என மென்மையானவை எங்கே இருக்கின்றன என்று விவசாயிகள் தாங்களே குறித்து வைப்பார்கள். மருந்தடிப்பவர் கிளம்பும் முன் பார்த்துக்கொள்வார். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த வரைபடம்தான். பெரும்பாலும் அண்டை வீட்டார் கெட்ட எண்ணத்தில் அடிப்பதில்லை. பக்கத்துக் கொடி இன்று பூவில் நிற்கிறது என்பது அவருக்குத் தெரிவதில்லை.

இப்போது கம்பம் பள்ளத்தாக்குக்கு வருவோம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளையும் இடம். கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் என்று பந்தல் பந்தலாக நிற்கிறது. டெக்சாஸ் கொடிக்குக் குளிர்காலத்தில் இலையுதிர்ந்து சில மாதம் உறக்கம் உண்டு. அப்போதாவது அதற்கு ஒன்றும் ஆகாது. கம்பத்துக் கொடிக்கு அந்த உறக்கம் கிடையாது. மார்கழி, தையில் ஒரு கவாத்து. வைகாசி, ஆனியில் இன்னொன்று. தோட்டத்துக்குத் தோட்டம் தேதி மாறுவதால் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்க எங்கோ ஒரு பந்தலில் தளிர் இருக்கும், எங்கோ பூ இருக்கும். அதே பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. ஜூன் வாக்கில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். நாற்று விட்டு, நட்டு, மூன்று வாரம் போல ஆனதும் அகன்ற இலைக் களைக்கு 2,4-டி அடிக்கும் வேளை வரும். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது ஆடி. அம்மியையே பறக்க வைக்கும் என்று நம் முன்னோர் சொன்ன காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியாக இந்தப் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிற மாதம். வைகாசி, ஆனியில் கவாத்து வெட்டிய பந்தல் ஒன்றரை மாதத்தில் பூவுக்கு வந்து, அந்தக் காற்றின் முன் நிற்கிறது.

மத்திய அரசு 2020 மே மாதம் தடை செய்ய முன்மொழிந்த 27 மருந்துகளில் 2,4-டியும் இருந்தது. இன்றும் அது கடையில் இருக்கிறது. தடை வருமா, வராதா என்று காத்திருந்தால் இன்னும் பல ஆடிகள் போய்விடும். அதற்குள் செய்யக்கூடியவை சட்டப் புத்தகத்துக்கு வெளியே கிடக்கின்றன. எத்தில் எஸ்டர் வகையைத் திராட்சை விளையும் ஒன்றியங்களில் விற்க வேண்டாம் என்று தோட்டக்கலைத் துறையும் வேளாண்மைத் துறையும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம். டிரோனுக்கு மானியம் தரும்போதே, பந்தலிலிருந்து இத்தனை தூரத்துக்குள் களைக்கொல்லி அடிக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கலாம். கவாத்துத் தேதிகளை ஊர்வாரியாக எழுதி உரக்கடை வாசலில் ஒட்டலாம். சேதம் தெரிந்த கொடிக்காரர், நுண்ணூட்டம் தேடி ஓடும் முன், தேதியோடு படம் எடுத்து, இலையைப் பறித்து உறைகுளிரில் வைத்து, அதே வாரத்தில் தோட்டக்கலை அலுவலரைக் கூப்பிடலாம். செடிக்குள் மருந்தின் தடயம் நாளாக ஆகக் குறைந்துகொண்டே போகும். இரண்டு மாதம் கழித்துக் காட்டினால் முறுக்கிய இலைதான் மிஞ்சும், சாட்சி மிஞ்சாது.

நெல்லுக்கு மருந்தடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டேங்கில் மருந்தை ஊற்றும் முன் வரப்பில் நின்று ஒரு பிடி காய்ந்த மண்ணைத் தூவிப் பாருங்கள். அது பந்தல் பக்கம் போனால் மூடியைத் திருகி வைத்துவிட்டு, காற்று திரும்பும்வரை பொறுங்கள். பந்தல் வைத்திருப்பவரின் நம்பர் போனில் இல்லையென்றால் இந்த வாரமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.